பழைய பிக்கப்: அக்குவேறாகக் கழற்றுவதா, ஓட்டிக்கொண்டே சரிசெய்வதா?

பழைய அமெரிக்க பிக்கப் ஒன்றைச் சரிசெய்து அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ மகளுக்கோ கொடுக்க நினைப்பவர்கள் முதலில் யோசிப்பது இன்ஜினைப் பற்றியும் பெயிண்டைப் பற்றியும்தான். அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். டிரைவர் சீட்டில் உட்காரப் போவது யார், எப்போது உட்கார வேண்டும்? இதற்கு விடை தெரிந்தால் கீழே வரும் வழிகளில் பாதி தானாகவே கழிந்துவிடும். எழுபதைத் தாண்டிய ஒருவருக்காக வண்டியை அடுத்த ஐந்தாறு வருடம் துண்டு துண்டாகப் பிரித்துப் போடுவதில் அர்த்தமில்லை. இப்போதுதான் ஓட்டப் பழகும் பிள்ளைக்கு 1950களின் பிரேக்கோடு அப்படியே சாவியைக் கொடுப்பதும் சரியில்லை.

வழிகள் நான்கு. பாடியைச் சேசிஸிலிருந்து தூக்கி, கடைசி நட்டு வரை கழற்றி, ஆலையிலிருந்து வந்தபடியே திருப்பிக் கட்டுவது ஒன்று. வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்வது இன்னொன்று. வெளித்தோற்றம் பழசாக இருக்க, உள்ளே புது இன்ஜின், புது கியர்பாக்ஸ், டிஸ்க் பிரேக் வைப்பது மூன்றாவது. ரெஸ்டோமாட் என்று அழைக்கப்படுவது இதுதான். வண்டியை அப்படியே பட்டறையில் விட்டுவிட்டுக் காத்திருப்பது நான்காவது.

முதல்முறை இறங்குபவருக்கு இரண்டாவது வழிதான் என்பது என் கட்சி. ஆனால் முதல் வழிக்கு இருக்கும் கவர்ச்சி எல்லோருக்கும் தெரிந்ததே, அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

முழுதாகக் கழற்றுவது

இதில் கிடைக்கும் பலன் உண்மையானது. சேசிஸை அடிவரை சுத்தம் செய்யலாம், மறைந்திருக்கும் துருவைக் கண்ணால் பார்க்கலாம், பிரேக் பைப், பெட்ரோல் பைப், வயரிங் எல்லாவற்றையும் தடையில்லாமல் புதிதாகப் போடலாம். முடித்தால் வண்டி இன்னொரு தலைமுறைக்கு நிற்கும்.

சிக்கல் அந்த 'முடித்தால்' என்பதில்தான். கழற்றிய வண்டி, முழுதாக நின்றபோது எடுத்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். கேபின் ஒரு பக்கம், பின்தொட்டி ஒரு பக்கம், ஃபெண்டர், கதவு, பானெட், சீட்டு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடக்கும். போல்ட்டுகளைப் பையில் போட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்தாலும், இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய தகடான ஷிம்களில் எது எந்தக் கீலின் அடியில் இருந்தது என்பது மாதங்கள் போனபின் யாருக்கும் நினைவிருக்காது. கதவு ஏன் சரியாக மூடவில்லை என்று அப்புறம் நாள்கணக்கில் தேட வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக் கட்டிய வண்டியில் கோளாறு வந்தால் எங்கே தேடுவது என்று தெரியாது. முதல்முறை ஓட்டும்போது அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் மவுண்ட்டா, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயின்ட்டா, சக்கர பேலன்ஸா, கிளட்ச்சா? அத்தனையும் புதிது, அத்தனையும் நாமே பூட்டியது, எதையும் நம்ப முடியாது. அனுபவசாலி சத்தத்தை வைத்தே ஊகித்துவிடுவார். புதியவருக்கு அந்தக் காது இன்னும் வந்திருக்காது.

அதனால் முழுதாகக் கழற்ற ஒரே ஒரு காரணத்தைத்தான் நான் ஒப்புக்கொள்வேன்: சேசிஸே துருவில் போயிருப்பது. ஆசையை நம்பாமல் சுத்தியலையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். பின் ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுகள், கேபின் உட்காரும் மவுண்ட்டுகள், குறுக்குச் சட்டங்கள் ரிவிட் அடித்துச் சேரும் இடங்கள் ஆகியவற்றில்தான் ஈரமும் மண்ணும் தங்கும். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தாலோ, படலம் படலமாக உரிந்தாலோ, ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினாலோ ஓட்டும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். சேசிஸில் வெல்டிங் பழகக்கூடாது. அதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது, பிக்கப்புக்கே உரிய வசதி அது. பின்தொட்டி பெரும்பாலான வண்டிகளில் சில போல்ட்டுகளில்தான் நிற்கிறது. நாலு பேர் கைகொடுத்தால் தூக்கி வைத்துவிடலாம். தொட்டியை மட்டும் எடுத்தாலே சேசிஸின் பின்பாதி, ஆக்சில், ஸ்பிரிங், பிரேக் பைப் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து, பைப் மாற்றி, ஒரு வார இறுதிக்குப் பிறகு மறுபடி பூட்டிவிடலாம். முழு வேலையின் ருசியும் தெரியும், வண்டியும் வண்டியாகவே இருக்கும்.

ஓட்டிக்கொண்டே சரிசெய்வது

பெயர் எளிதாக இருந்தாலும் இதில் ஒழுங்கு வேண்டும். முதலில் நிற்க வேண்டும், பிறகு ஓட வேண்டும், அழகு கடைசியில். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஒரு சுற்று போய்வர ஆசை வந்துவிடுகிறது, பிரேக் நினைவே வருவதில்லை.

பிரேக்கைப் பார்ப்பது இப்படி. வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். பல வருடம் நின்ற வண்டியில் டிரம் சுலபமாக வராது. உள்விளிம்பில் தேய்மானத்தால் உருவான வரம்பு பிரேக் ஷூவைப் பிடித்துக்கொண்டிருக்கும். அட்ஜஸ்டரைத் தளர்த்தினால்தான் விடும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது, பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு. இப்போது பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறையை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதாவது வழிந்தால் அந்தச் சிலிண்டர் முடிந்தது. ஒன்று கசிந்தால் மற்ற மூன்றும் அதே வயதுதானே. நான்கையும், ரப்பர் ஹோஸ்களையும், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

பழைய வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்க பிக்கப்புகளில் இரட்டை அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர் பொதுவானது 1967 வாக்கில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் ஒரே அறை: எங்காவது ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பழமையைக் காப்பாற்றுகிறேன் என்று இதை அப்படியே விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரட்டை அறைக்கு மாற்றினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவும் செய்யாது.

பிரேக் ஆயில் பற்றி ஒரு வரி: டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை; டாட் 5 சிலிக்கான் வகை. இரண்டு வகையையும் கலக்கக்கூடாது. பழைய அமைப்பில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் முழுதாகக் காலி செய்து, கழுவி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்க வேண்டும்.

அடுத்து டயர். பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. 2000க்குப் பிறகு வந்த டயரின் பக்கவாட்டில் உள்ள டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். மூன்றே இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டின் டயர், மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். கனரக பிக்கப்புகளில் சிலவற்றுக்குப் பூட்டு வளையம் கொண்ட பல துண்டு ரிம் இருக்கும். காற்றடிக்கும்போது அந்த வளையம் தெறித்து ஆளைக் கொன்றிருக்கிறது. அதற்குரிய கூண்டும் பழக்கமும் உள்ளவர்களிடம் மட்டுமே கொடுங்கள், இல்லையென்றால் ஒரே துண்டு ரிம்மாக மாற்றிவிடுங்கள்.

இந்த வழியின் பெரிய லாபம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம் என்பது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தபின் இழுப்பு குறைந்தால் கார்புரேட்டரைத்தான் பார்க்க வேண்டும். வண்டியே ஆசிரியராக இருக்கிறது. குறையும் உண்டு: வேலை முடிகிற நாள் என்று ஒன்று வராது. எப்போதும் ஏதோ ஒன்று பாக்கியிருக்கும், ஒரே வேலைக்காகச் சிலவற்றை இரண்டு தடவை கழற்ற நேரும். முடிவு தெரிந்தால்தான் நிம்மதி என்பவர்களுக்கு இது எரிச்சலூட்டும்.

இன்ஜின்: எழுப்புவதா, மாற்றுவதா

நின்றுபோன இன்ஜினில் பேட்டரியைக் கொடுத்து உடனே செல்ஃப் அடிக்கக்கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் எடுத்துவிட்டுத் தற்காலிகமாகத் தனி கேனிலிருந்து கொடுங்கள். 1960களின் செவர்லே, ஃபோர்டு பிக்கப்புகளில் டேங்க் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கிறது; அந்தக் குழாய்களும் மூடியும் கசிகிறதா என்று மூக்காலும் கண்ணாலும் பார்த்தபின்தான் அதில் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

பிறகு கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பது. எண் எவ்வளவு என்பதைவிடச் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முக்கியம். மிகக் குறைந்தது, மிக அதிகத்தின் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் உள்ளே ஏதோ சரியில்லை. குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வ் பக்கம் சந்தேகிக்கலாம். நீண்ட நாள் நின்ற வண்டியில் வால்வ் ஒட்டிக்கொள்வது சாதாரணம், ஓடவிட்டால் சில நேரம் தானே சரியாகும். இந்த ஒரு சோதனையே தேவையில்லாத இன்ஜின் வேலை பலவற்றைத் தவிர்த்துவிடும்.

எந்த இன்ஜின் என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். ஃபோர்டின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர், 1965இல் வந்து 1996 வரை நீடித்தது. உதிரிக்கும் பஞ்சமில்லை, யோசனை சொல்பவர்களுக்கும் பஞ்சமில்லை, புதியவர் கை வைக்க ஏற்றது. 1953 வரையிலான செவர்லே பிக்கப்பின் 216 கன அங்குல இன்ஜின் வேறு கதை. அதன் கனெக்டிங் ராடு பேரிங்குகள் பேபிட் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றிச் செய்தவை, ஆயிலும் முழு அழுத்தத்தில் போவதில்லை. பேரிங் போனால் கடையில் வாங்கிப் பொருத்த முடியாது, ஊற்றிக் கடையத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். 1954 முதல் பிக்கப்புகளில் வந்த 235இல் கழற்றி மாட்டும் பேரிங்கும் முழு அழுத்த ஆயிலும் உண்டு. இதனால்தான் 216ஐ எடுத்துவிட்டு 235 வைப்பது பழைய செவர்லேக்காரர்களிடம் வழக்கமான மாற்றம். அதே குடும்பத்து இன்ஜின் என்பதால் வண்டியின் குணமும் அவ்வளவாக மாறாது.

புது இன்ஜின் என்றால் பலர் சொல்வது 1997இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8ஐத்தான். பலம், சிக்கனம், நம்பகம் மூன்றும் அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்ஜினோடு என்னென்ன வருகிறது என்று பாருங்கள். கார்புரேட்டருக்குப் போதுமான பெட்ரோல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 4 முதல் 7 பவுண்டு. எல்எஸ் கேட்பது 58 பவுண்டு. ஆகவே டேங்க், பம்பு, பைப் எல்லாம் மாற வேண்டும். கம்ப்யூட்டர், அதன் வயரிங், இன்ஜின் மவுண்ட், ரேடியேட்டர், சைலன்சர் பைப், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம், இவ்வளவு பலத்தைத் தாங்கும் பின் ஆக்சில், அந்த வேகத்தை நிறுத்தும் பிரேக்... வாலைப் பிடிக்கப் போய் யானையே வந்து நிற்கும். முதல் வண்டிக்கு இது வேண்டாம். ரெஸ்டோமாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறுத்துவதற்கும், பார்ப்பதற்கும், உயிர் பிழைப்பதற்கும் உள்ள பகுதிகளை மட்டும்: முன் டிஸ்க் பிரேக், நல்ல ஹெட்லைட், சீட் பெல்ட்.

முன் டிஸ்க்குக்கு மாற்றும்போது கவனிக்க ஒன்று. பழைய பிக்கப் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழே இருக்கும். அது டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் ஆயில் பின்வாங்கிவிடும், மிதித்தால் பெடல் முதல் மிதியில் அடிவரை போகும். டிஸ்க் பக்கம் 2 பவுண்டு, டிரம் பக்கம் 10 பவுண்டு அழுத்தத்தைத் தங்கவைக்கும் சின்ன வால்வுகள் இதற்காகவே விற்கின்றன. கிட் வாங்கும்போது அவை சேர்ந்து வருகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

6 வோல்ட்டா 12 வோல்ட்டா

செவர்லே 1955இன் புது வடிவத்திலும், ஃபோர்டு 1956இலும் 12 வோல்ட்டுக்கு மாறின. அதற்கு முந்தைய வண்டி கிடைத்தால் இந்தக் கேள்வி வரும். 6 வோல்ட் மந்தமாகச் சுற்றுகிறது என்று குறை சொல்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் யாரோ மெல்லிய 12 வோல்ட் கேபிளை மாட்டியிருப்பார்கள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும், எனவே கட்டையான கேபிளும் சுத்தமான எர்த்தும் இல்லாமல் முடியாது. அவை இருந்தால் 6 வோல்ட்டே போதும். இரவில் அடிக்கடி ஓட்டப்போகிறவருக்கு மட்டும் 12க்கு மாற்றுவேன், லைட்டுக்காக. மாற்றினால் பல்பு, காயில், கேஜ், ஹீட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். பழைய ஃபோர்டில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதை மறந்து பேட்டரியை மாட்டிவிடாதீர்கள்.

எதுவாக இருந்தாலும், துணி சுற்றிய பழைய வயர் விரலால் வளைத்தாலே உதிர்ந்தால் வயரிங்கை முழுதாக மாற்றுவதுதான் சரி. ஒட்டுப்போட்டுக்கொண்டே போனால் ஒரு நாள் புகை வரும்.

பெயிண்ட்: அடிப்பதா, விடுவதா

குடும்பத்தில் ஒருவருக்காகச் செய்யும் வண்டியில் இதுதான் மிகவும் தயங்க வேண்டிய இடம். கதவில் யாரோ பிரஷ்ஷால் எழுதிய பெயர், முழங்கை வைத்து வைத்து நிறம் போன ஜன்னல் விளிம்பு, சாவி உரசிய டேஷ்போர்டு எல்லாம் ஒரே மதியத்தில் சாண்ட்பேப்பருக்குப் போய்விடும், திரும்ப வராது. அந்த வண்டியை ஓட்டி வளர்ந்தவருக்கே அதைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றால், பளபளக்கும் புது நிறத்தைப் பார்த்து அவர் 'நல்லா இருக்கு' என்பார். தன் வண்டி என்று அவருக்குத் தோன்றுமா என்பது வேறு விஷயம். துருவை நிறுத்தி, ஓட்டையை அடைத்து, பழைய பெயிண்ட்டைக் கழுவி மெழுகு போட்டு விடுவதற்கே என் ஓட்டு.

புதிதாக வாங்கிய, யாருடைய நினைவும் ஒட்டாத வண்டி என்றால் அடிக்கலாம். அடிப்பதற்கு முன் தகடு தகடாகவே இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை கேபினின் பின்மூலைகள், கதவுக்குக் கீழ் உள்ள ராக்கர், ஃபெண்டரின் கீழ்விளிம்பு, மழைநீர் வழியும் விளிம்பு ஆகியவற்றின்மேல் நகர்த்துங்கள். திடீரென்று பிடி விட்டால் அங்கே தகடு இல்லை, பட்டி இருக்கிறது. சாண்ட்பிளாஸ்டிங்கைச் சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பானெட், கதவு மாதிரி அகலத் தகடு அதில் நெளிந்துவிடும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த தூசி பறக்கத் தேய்க்கக்கூடாது. இன்றைய இரண்டு பாகப் பெயிண்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண முகமூடி அதற்குப் போதாது, வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். கடைசிப் பூச்சை மட்டும் பட்டறைக்குக் கொடுப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

பட்டறைக்கு எதைக் கொடுப்பது

வண்டியை முழுதாக ஒப்படைக்கும் வழியை நான் சுருக்கமாகவே சொல்வேன். பழைய வண்டி வேலை, தினசரி வரும் அவசர வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் நடக்கும். எதிர்பாராத துரு ஒவ்வொன்றும் தனிக் கணக்காக வரும். பணமிருந்து நேரமில்லாதவருக்கு இது சரியான வழிதான், ஆனால் கட்டம் கட்டமாக எழுதி வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் படம் கேட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு பாகங்களை மட்டும் அனுப்பலாம்: சிலிண்டர் போர் அடிப்பது, கிராங்க் கிரைண்டிங், சேசிஸ் வெல்டிங். சிலிண்டர் ஹெட் எப்படியும் கழற்றப்பட்டுப் போகிறது என்றால், ஈயமில்லாத பெட்ரோலுக்குத் தாங்கும் கடினமான வால்வ் சீட் போடச் சொல்லலாம். அதற்காகவே நன்றாக ஓடும் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். லேசாக ஓட்டும் வண்டியில் அந்தத் தேய்மானம் மெதுவாகத்தான் வரும்.

வண்டியே இன்னும் கையில் இல்லை என்றால்

அழகுக்காக ஸ்டூட்பேக்கரோ அபூர்வமான வேறொன்றோ வாங்கத் தோன்றும். புதியவருக்கு உதிரி கிடைப்பதுதான் அழகு. 1967-72, 1973-87 செவர்லே, 1953-56 ஃபோர்டு எஃப்-100, 1973-79 ஃபோர்டு ஆகியவற்றுக்குத் தகடு முதல் கதவு ரப்பர் வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதில் 1971க்குப் பிந்தைய செவர்லே என்றால் முன் டிஸ்க் பிரேக் ஆலையிலிருந்தே வந்திருக்கும், ஒரு பெரிய வேலை மிச்சம். பெயிண்ட் மங்கி, இன்ஜின் ஓடாமல், தகடு கெட்டியாக இருக்கும் வண்டியும், பளபளவென்று ஓடிக்கொண்டே அடியில் துருப்பிடித்த வண்டியும் ஒரே விலைக்கு வந்தால் முதலாவதை எடுங்கள். இன்ஜினைக் கற்றுக்கொள்வது தகட்டைக் கற்றுக்கொள்வதைவிட எளிது.

இரகசியமாகச் செய்து பிறந்தநாளில் சாவியை நீட்டும் ஆசை எல்லோருக்கும் உண்டு. வாங்கிக்கொள்பவர் வயதானவர் என்றால் நான் அதற்கு எதிர். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை நிறுத்தி வளைக்க அவர் தோள் இடம் கொடுக்குமா, அந்த கிளட்ச்சை மிதிக்க முழங்கால் ஒத்துழைக்குமா, கேபின் உயரத்துக்கு ஏற முடியுமா என்பதை அவரை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டப் பழகும் பிள்ளைக்கும் இதேதான். பெல்ட் எந்த உயரத்தில் தோளைக் கடக்கிறது என்று பார்த்துத்தான் அதன் மேல் பிடிமானத்தைப் பொருத்த வேண்டும், வெறும் தகட்டில் இல்லாமல் பின்னால் கனமான பிளேட் வைத்து. பின்தொட்டியைப் பூட்டி, பிரேக்கை முடித்து, சீட்டுக்குப் புது ஸ்பான்ஞ்சு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு நாள் அவரைக் கூட்டிவந்து பழைய சீட்டிலேயே உட்காரச் சொல்லுங்கள். ஸ்பான்ஞ்சின் கனம், சீட்டின் தூரம், ஏறுவதற்குப் படி வேண்டுமா வேண்டாமா என்று மூன்றும் அப்போதே முடிவாகிவிடும்.